விதியை எழுதியவள்

நாலாம் நம்பர் தொட்டிக்குள் ஏணி வழியாக இறங்கியவன், ஏணி வழியாக ஏறி வரவில்லை.

கயிறு கட்டித் தூக்கினார்கள்.

உடம்பில் ஒரு கீறல் இல்லை. ரத்தம் இல்லை. தீப்பட்ட தழும்பு இல்லை. இருபத்தொன்பது வயது. அசந்து தூங்குகிறவன் மாதிரி கிடந்தான்.

தொழிற்சாலை டாக்டர் குனிந்தார். கண் இமையைப் பிரித்துப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"நைட்ரஜன்" என்றார். "முடிஞ்சு போச்சு."

பெயின்ட் தொழிற்சாலை அது. தொட்டியைக் கழுவி முடித்ததும் உள்ளே நைட்ரஜனை நிரப்புவார்கள், அடுத்து ஊற்றப்போகும் திரவம் தீப்பிடிக்காமல் இருக்க. நாம் சுவாசிக்கும் காற்றில் எப்போதும் இருக்கிற சாது வாயுதான். ஆனால் மூடிய தொட்டிக்குள் அதை மட்டும் திறந்துவிட்டால் ஆக்ஸிஜன் வெளியேறிவிடும். வாசனை கிடையாது. திணறல் கிடையாது. இரண்டு மூச்சு... அவ்வளவுதான்.

மணி பதினொன்றரை. பட்டப்பகல்.

தலைமை அலுவலகத்தில், ஏழாவது மாடியில், ஒரு மேஜையில் போன் அடித்தது.

"மேடம்... உங்க தம்பிக்கு..."

கேட்டவள் போனை வைத்துவிட்டு எழுந்தாள்.

ஒரு மணி நேரத்தில் அவள் தொழிற்சாலையில் இருந்தாள்.

அங்கே எல்லோரும் அவளை 'விதிக்காரி' என்பார்கள். தம்பி அந்தத் தொழிற்சாலையின் பாதுகாப்பு மேற்பார்வையாளன்; கழுவிய தொட்டிக்குள் இறங்கிச் சோதிப்பது அவன் வேலை. அவளுக்கு அப்பா, அம்மா இல்லை. அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, படிக்க வைத்தது, தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது எல்லாம் அவள்தான்.

அவன் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த பெயின்ட் துளியை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

அழுகை வரவில்லை. அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது.

கோபம்.

*

மேனேஜர் அறை.

மேனேஜர் ஒட்டடைக்குச்சி மாதிரி நெட்டையாக இருந்தார். கையில் ஒரு காகிதம். மூலையில் ஒரு நாற்காலியில் இன்ஸ்பெக்டர், பருத்த உடம்பைச் சிரமப்பட்டு நுழைத்து உட்கார்ந்து, வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்கம்மா" என்றார் மேனேஜர்.

"அந்தப் பேப்பர் என்ன?"

"அறிக்கை. வழக்கமா குடுக்கிறதுதான்."

பிடுங்கிப் படித்தாள். 'ஊழியர் தனது பாதுகாப்புப் பூட்டைத் தானே அகற்றிவிட்டு, கவனக்குறைவாகத் தொட்டிக்குள் இருந்ததால்...'

"உயிர் போய் ரெண்டு மணி நேரம்கூட ஆகல. அதுக்குள்ள பிரின்ட் எடுத்துட்டீங்களா?"

"அம்மா, பூட்டைத் திறந்தது அவர் சாவி. கம்ப்யூட்டர்ல இருக்கு. தொட்டி காலியா இருக்குன்னு மெஷின் நினைச்சிருக்கு, வால்வைத் திறந்திருக்கு. நாம என்ன பண்ண முடியும்? எல்லாம் விதி."

அவள் காகிதத்தை நான்காகக் கிழித்தாள். மேஜை மேல் போட்டாள்.

"எந்த விதி?"

"ஆங்?"

"இந்த ஃபேக்டரியில மொத்தம் நானூத்திப் பன்னிரண்டு விதி இருக்கு. எல்லாத்தையும் எழுதினது நான். அதுல எந்த விதி என் தம்பியைக் கொன்னுச்சு? நம்பரைச் சொல்லுங்க."

மேனேஜர் கிழிந்த துண்டுகளைப் பொறுக்கினார்.

இன்ஸ்பெக்டர் முழங்காலைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"கொஞ்சம் எனக்கும் புரியற மாதிரி சொல்லுங்கம்மா" என்றார். "விதின்னா?"

"இங்க எல்லா வால்வையும் ஒரு கம்ப்யூட்டர்தான் திறக்குது, மூடுது சார். காவலன்னு பேரு. அதுக்கு ரெண்டு பாதி. ஒரு பாதி, கண்ணு. லட்சக்கணக்கான படங்களைக் காட்டிக் காட்டிப் பழக்கினது. கேமராவுல யாரைப் பார்த்தாலும், 'இவர் இன்னார், நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு நிச்சயம்'னு யூகம் சொல்லும். ஏன் அப்படிச் சொல்றேன்னு கேட்டா அதுக்குச் சொல்லத் தெரியாது."

"எங்க கமிஷனர் மாதிரி."

"இன்னொரு பாதி, விதி. அது என்னுது. அதுக்குப் பார்க்கத் தெரியாது, யோசிக்கத் தெரியும். 'உள்ளே ஆள் இருந்தா வால்வைத் திறக்காதே. உள்ளே இறங்கறவங்க வால்வுல மாட்டின பூட்டு தொங்கினா திறக்காதே.' இப்படி. கண்ணு சொல்றதை வாங்கிக்கும். பூட்டு சொல்றது, தொட்டி வாயில ஆள் எண்ணுற கருவி சொல்றது, எல்லாத்தையும் வாங்கிக்கும். ஒண்ணுக்கொண்ணு முட்டுதான்னு பார்க்கும். அப்புறம்தான் முடிவு. ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தை வரிசையா எழுதி வெச்சிருக்கும்."

"அதாவது... ஏன் கொன்னேன்னு அதுவே எழுதி வெச்சிருக்குமா?"

"ஆமா."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. அதைப் பின்னால் தட்டிவிட்டார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு சாட்சி எனக்கு வாய்க்கலம்மா. வாங்க."

*

கட்டுப்பாட்டு அறை. சுவர் முழுக்கத் திரைகள். நடுவில் ஒரே ஒரு சுழல் நாற்காலி.

நாற்காலியிலிருந்து ஓர் இளைஞன் எழுந்து ஓடி வந்தான். சோடாபுட்டிக் கண்ணாடி. அழுது வீங்கிய முகம்.

"அக்கா..."

தொழிற்சாலையில் அவன் பெயர் 'கண்ணாடி'. காவலனின் கண்ணைப் பழக்கியவன் அவன்தான். தம்பியின் உயிர்ச் சிநேகிதன். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவள் வீட்டில்தான். தம்பி தட்டில் இருக்கும் வறுவலை உரிமையோடு எடுத்துத் தின்பான்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினான்.

"என் கண்ணு ஏமாந்திருக்கும்போலக்கா. ஏன்னு மட்டும் கேட்காதீங்க. உள்ளே கோடிக்கணக்கான எண்கள். ஏன் அப்படி நினைச்சுதுன்னு எவனாலயும் சொல்ல முடியாது."

"உன் பாதியில சொல்ல முடியாது" என்றாள். "தள்ளு."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். தட்டினாள். பெரிய திரையில் வரிகள் விழுந்தன.

10.41. நாலாம் தொட்டி: வால்வில் பூட்டு போடப்பட்டது. சாவி, ஹெல்மெட் 31-க்கு உரியவருடையது.

10.43. உள்ளே போனவர் ஒருவர். வெளியே வந்தவர் இல்லை.

10.58. பூட்டு, அதே சாவியால் எடுக்கப்பட்டது.

11.02. கண்: ஹெல்மெட் 31-க்கு உரியவர் டீ அறையில் நிற்கிறார். 98 சதவீதம்.

ஆகவே அவர் தொட்டிக்குள் இல்லை. எண்ணும் கருவியின் கணக்கு தவறு.

11.03. கண்: கட்டுப்பாட்டு அறை நாற்காலியில் பொறுப்பாளர் இருக்கிறார். 96 சதவீதம்.

ஆகவே வால்வைத் திறக்கலாம்.

11.04. திறந்தது.



"முப்பத்தொண்ணு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் தம்பி."

"தொட்டிக்குள்ள இருந்தவர், அதே நேரத்துல டீ ரூம்லயும் நின்னிருக்கார்."

அவள் நடுவில் இருந்த அந்த வரியையே பார்த்தாள். 'ஆகவே அவர் தொட்டிக்குள் இல்லை.' விதி எண் இருநூற்று ஏழு. ஆள் எண்ணும் கருவி சில சமயம் தப்புத்தப்பாக எண்ணும் என்பதால் அவள் எழுதியது. ஒருவன் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. உலகத்தில் இதைவிட உறுதியான விதி உண்டா?

அந்த விதிதான் வால்வைத் திறந்திருக்கிறது.

பல்லைக் கடித்தாள்.

"என் விதி பொய் சொல்லல சார்" என்றாள். "அதுகிட்ட பொய் சொல்லியிருக்காங்க. தொட்டி வாய் குறுகல். ஹெல்மெட்டோட இறங்க முடியாது. ஹெல்மெட்டைக் கழட்டி வெளியே கொக்கியில மாட்டிட்டுத்தான் இறங்குவான். சாவியும் அதுலதான் தொங்கும். எவனோ ரெண்டையும் எடுத்திருக்கான். பூட்டைத் திறந்திருக்கான். அந்த ஹெல்மெட்டைத் தலையில மாட்டிக்கிட்டு, டீ ரூம் கேமரா முன்னால போய் நின்னிருக்கான். என் தம்பி மாதிரி."

"அப்ப இது விபத்து இல்ல."

"கொலை."

மேனேஜர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"முன்னெல்லாம் தொட்டிக்குள்ள ஒருத்தர் இறங்கினா வெளியே ஒருத்தர் காவல் நிப்பார்" என்றாள், அவரைத் திரும்பிப் பார்த்து. "அந்த ஆளை எடுத்தது யாரு? 'அதான் கேமரா பார்க்குதே'ன்னு சொன்னது யாரு?"

"அது... மேலிடத்து முடிவு..."

"மேலிடத்துக்கு எழுதிப் போட்டது யாரு?"

மேனேஜர் கைக்குட்டையை எடுத்தார்.

இன்ஸ்பெக்டர் அவர் பக்கத்தில் போய் நின்றார். "சார்... நேத்து சாயங்காலம் செத்தவருக்கும் உங்களுக்கும் பெரிய சண்டையாமே? கேட்ல வாட்ச்மேன் சொன்னார்."

"சண்டை போட்டது நிஜம்தான். இன்னும் ரெண்டு ஃபேக்டரியில இந்தக் காவலனை வைக்கணும். பாதுகாப்பு மேற்பார்வையாளர் கையெழுத்து வேணும். இவங்க தம்பி மாட்டேன்னுட்டான். கண்ணு பதினோரு தடவை ஆளை மாத்திப் பார்த்திருக்காம். லிஸ்ட் எழுதி வெச்சிருந்தான். இன்னைக்கு மேலிடத்துக்கு அனுப்பிடுவேன்னு நின்னான். கத்தினேன். அதுக்காகக் கொல்லுவேனா?"

"பதினொண்ணு ரெண்டுக்கு எங்க இருந்தீங்க?"

"என் ரூம்ல."

"கூட யாரு?"

"...தனியா."

கண்ணாடி தொண்டையைச் செருமினான். "சார் ரூம்ல கேமரா கிடையாது இன்ஸ்பெக்டர். போடக் கூடாதுன்னு அவரேதான் சொன்னார்."

அவள் எழுந்துவிட்டாள். மேனேஜரின் சட்டையைப் பிடிக்கக் கை நீண்டுவிட்டது. இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்தார்.

"பொறுங்கம்மா. கடமைன்னு ஒண்ணு இருக்கு, அதை நான் செய்யறேன்." கண்ணாடியிடம் திரும்பினார். "ஒரே ஒரு சந்தேகம் தம்பி. வேற ஒருத்தன் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டா, உங்க கண்ணு இவ்வளவு லேசா ஏமாந்துடுமா?"

கண்ணாடியின் முதுகு நிமிர்ந்தது.

"லேசா எல்லாம் ஏமாறாது சார். ஆறு வருஷம் பழக்கியிருக்கேன். முகம், உயரம், உடம்பு வாகு, நடை... எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கும். வெறும் ஹெல்மெட்டை மாத்தி அதை ஏமாத்த முடியாது. டீ ரூம்ல நின்னவன் அச்சு அசலா அவனை மாதிரியே உயரமா, ஒல்லியா இருந்திருப்பான்."

சொல்லிவிட்டு, நெட்டையான மேனேஜரைப் பார்த்தான். பார்க்காத மாதிரி பார்த்தான்.

அவளுக்கு எங்கேயோ இடித்தது.

உயிர்ச் சிநேகிதன் செத்துக் கிடக்கிறான். இவன் கண்ணுக்கு வக்காலத்து வாங்குகிறான்...

"உங்க ஹெல்மெட்டைக் குடுங்க" என்று மேனேஜரிடமிருந்து வாங்கினாள். ஒன்றாம் நம்பர். இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். "போட்டுக்கங்க சார். அந்தக் கேமரா முன்னால நில்லுங்க."

இன்ஸ்பெக்டர் மாட்டினார். நின்றார். மேனேஜரில் மூன்று பங்கு அகலம். அரை ஆள் குட்டை. மேனேஜருக்கு இல்லாத பெரிய மீசை.

திரையில் எழுத்து விழுந்தது.

மேனேஜர். 97 சதவீதம்.

"பதவி உயர்வுக்கு இவ்வளவு சுலபமான வழி இருக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர். ஆனால் அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிச்சம் சரியில்ல..." என்றான் கண்ணாடி.

"முகத்தைப் பார்க்கவே இல்லடா அது" என்றாள். "நம்பரைப் பார்க்குது. பழக்கும்போது எல்லாரும் அவங்கவங்க ஹெல்மெட்டோடதான் நின்னாங்க. நம்பரைப் படிச்சாலே விடை கிடைச்சுடுச்சு. அப்புறம் எதுக்கு அது முகத்தைப் படிக்கணும்? என் தம்பி கண்டுபிடிச்ச பதினோரு தப்பும் இதானே?"

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா."

"அப்ப இதுக்குப் பதில் சொல்லு. உன் கண்ணு சரின்னா, செத்தவன் டீ குடிச்சிருக்கான். உன் கண்ணு தப்புன்னா..." திரையைக் காட்டினாள். "பதினொண்ணு மூணுக்கு நீ இந்த நாற்காலியில இருந்தேங்கிறதுக்கு என்ன சாட்சி?"

பொறுப்பாளர். 96 சதவீதம்.

மேனேஜர் சுவரை விட்டு நிமிர்ந்தார்.

"இந்த ரூம்ல ஒரு ஷிஃப்ட்டுக்கு ஒரே ஆள்தான்" என்றார் மெதுவாக. "இன்னைக்கு இவன்."

"அக்கா, என்னையா சந்தேகப்படறீங்க?" கண்ணாடியின் குரல் உடைந்தது. கண்கள் நிறைந்தன. "நான் இங்கதான் இருந்தேன். படம் இருந்தா இப்பவே காட்டிடுவேன். ஆனா கண்ணு பார்க்கிற படமெல்லாம் ஒரு மணி நேரத்துல தானா அழிஞ்சுடும். உங்களுக்கே தெரியும். இப்ப மணி ஒண்ணே கால்."

சொல்லி முடித்து ஒரு பெருமூச்சு விட்டான்.

அந்தப் பெருமூச்சு அழுகிறவன் விடுகிற பெருமூச்சு இல்லை.

"ஆமா" என்றாள். "உன் பாதியில அழிஞ்சுடும்."

"...என்னக்கா?"

"ஆறு வருஷம் ஒரே காவலனுக்கு ரெண்டு பாதியா வேலை பார்த்தோம். என் பாதியை ஒரு நாளாவது திறந்து படிச்சிருக்கியாடா? 'அது சட்டப் புத்தகம்க்கா, தூக்கம் வருது'ன்னு சிரிப்பியே. படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். கண்ணு சொன்னதை நம்பி விதி ஒரு முடிவு எடுத்தா, அந்த நேரத்துல கண்ணு பார்த்த படத்தையும் அந்தக் காரணத்தோடயே சேர்த்து வெச்சுக்கும். ஒரு வருஷத்துக்கு அழியாது."

கண்ணாடியின் முகத்திலிருந்து ரத்தம் முழுக்க வடிந்துபோனது.

அவள் 11.02-ஐத் தட்டினாள்.

டீ அறை. கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன். தலையில் 31. உயரமும் இல்லை, ஒல்லியும் இல்லை. முகம் தெரியவில்லை.

"இது நான்னு எப்படிச் சொல்வீங்க?" என்றான் கண்ணாடி. அழுகை போயிருந்தது.

அவள் 11.03-ஐத் தட்டினாள்.

கட்டுப்பாட்டு அறை. இதே நாற்காலி.

நாற்காலியின் முதுகில் ஒரு கோட்டு மாட்டியிருந்தது. அதற்கு மேலே, முதுகின் உச்சியில், ஒரு ஹெல்மெட் கவிழ்த்திருந்தது. நம்பர் நான்கு. கண்ணாடியின் நம்பர்.

ஹெல்மெட்டுக்குள் தலை இல்லை. கோட்டுக்குள் ஆள் இல்லை.

கீழே பச்சை எழுத்தில்: பொறுப்பாளர். 96 சதவீதம்.

"இந்த நாற்காலியில ஆள் இல்லாம எந்த வால்வும் திறக்காது. அதுவும், ஆளை வேற இடத்துல பார்த்தா எண்ணுற கருவியை நம்பாதுங்கிறதும் உனக்குத் தெரியும், ஏன்னா தினமும் ரெண்டையும் இங்கேயிருந்து பார்க்கிறே. அதனாலதான் உன் கோட்டையும் ஹெல்மெட்டையும் உட்கார வெச்சுட்டுப் போயிருக்கே."

கண்ணாடி கதவைப் பார்த்தான். கதவை இன்ஸ்பெக்டரின் உடம்பு முழுசாக அடைத்திருந்தது.

"ஏன்டா?" என்றாள். "மூணு வருஷம் என் வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டியேடா."

அவன் முகம் மாறியது. அவள் அதுவரை பார்த்திராத முகம்.

"ஏன்னா கேட்கறீங்க? ஆறு வருஷம். கல்யாணம் காட்சின்னு எதுக்கும் போகாம அதை வளர்த்தேன். உலகமே திரும்பிப் பார்க்கப்போற நேரத்துல, உங்க தம்பி ஒரே ஒரு தாளை நீட்டி 'உன் கண்ணு குருடு'ன்னான். சரி பண்றேன், ரெண்டு மாசம் சும்மா இருடான்னு கெஞ்சினேன். கால்ல விழாத குறை. 'அந்த ரெண்டு மாசத்துல எவனாவது செத்தா?'ன்னு கேட்டான். பெரிய தர்மராஜா..."

அவள் அறைந்தாள்.

சோடாபுட்டிக் கண்ணாடி பறந்து போய்ச் சுவரில் மோதி விழுந்தது. இன்னொரு கையையும் ஓங்கினாள். இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்கு வெளியே எதையோ மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது அறையும் விழுந்த பிறகுதான் திரும்பினார்.

"போதும்மா. மிச்சத்தைச் சட்டம் பார்த்துக்கும்." விலங்கை எடுத்து மாட்டினார்.

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளை இன்ஸ்பெக்டர்... நான் கிளம்பலாமா?"

"எங்க கிளம்பறீங்க?" அவள் சீறினாள். "அவன் கொன்னான். ஆனா வெளியே ஒரே ஒரு மனுஷன் நின்னிருந்தா என் தம்பி இந்நேரம் எனக்கு போன் பண்ணி, 'சாப்பிட்டியாக்கா'ன்னு கேட்டிருப்பான். அந்த மனுஷனை அனுப்பினது நீங்க. கவனக்குறைவுன்னு எழுதினீங்களே, அந்த வார்த்தை யாருக்குப் பொருந்தும்னு கோர்ட்ல சொல்றேன்."

"நீங்களும் ஜீப்ல ஏறுங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "அது தனி கேஸ்."

அவர்கள் வெளியே போகும்போது அவள் திரை முன்னால் மறுபடி உட்கார்ந்தாள். எல்லாத் தொட்டிகளின் வால்வுகளையும் மூடினாள். பிறகு ஒரு வரி எழுதினாள்.

விதி எண் 413. தொட்டிக்குள் ஒருவர் இறங்கினால், வெளியே ஒரு மனிதர் நிற்க வேண்டும். அந்த மனிதர் தன் கையால் சாவியைத் திருப்பும்வரை, கண் என்ன சொன்னாலும் வால்வைத் திறக்காதே.

அதை எழுதிய பிறகுதான் அழுதாள்.

வாசலில் ஜீப். கண்ணாடியை அதில் ஏற்றும்போது அவன் திமிறினான்.

"இன்ஸ்பெக்டர், எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்ல. என் கண்ணை அழிச்சுடாதீங்க. முகம் பார்க்க அதுக்கு இன்னும் பழக்கணும், அவ்வளவுதான். இப்போதைக்கு நம்பரை வெச்சு ஆளைச் சொல்லுது. அதையே பயன்படுத்தற மாதிரி ஒரு இடம் கிடைக்காமலா போகும்?"

இன்ஸ்பெக்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். கதவை அடித்துச் சாத்தினார்.

"கிடைச்சாச்சு தம்பி. அங்கதான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன். ஜெயில்ல ஒருத்தனும் முகத்தைப் பார்க்க மாட்டான்... சட்டையில இருக்கிற நம்பரைத்தான் பார்ப்பான்."